உங்களுக்குத் தெரியுமா? செயலிக்கு முன்னே தபாலட்டை

பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிஃபை வளர்ந்த கதையை, ‘தி பிளேலிஸ்ட்’ என்ற சுவீடன் நாட்டுத் தொடராக 2022 ஒக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. ஆறே அத்தியாயங்கள்; நிறுவனர், வழக்கறிஞர், புரோகிராமர், இசைக் கம்பனி அதிகாரி என்று ஒவ்வொன்றும் ஒருவர் பார்வையில் நகரும். கடைசியில் வரும் பாடகியின் அத்தியாயம்தான் தொடரின் உயிர். இத்தனை பேர் கேட்டும் பாடியவளுக்கு ஏன் பிழைப்பு இல்லை என்று அது நேராகக் கேட்கிறது.

இலங்கைக்கு அந்தச் செயலி வந்தது 2021இல். விரும்பிய பாட்டைக் கேட்டு வாங்கும் வழக்கமோ நமக்குப் பழையது! 1952இல் இந்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைக்க, இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குக் கடல்கடந்தும் நேயர்கள் பெருகினார்கள்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட லயங்களிலும் பற்றரி றேடியோவில் அதே சேவைதான். பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், கீழே அப்பா, அம்மா, மாமா, அத்தை, பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் என்று இடம் நிறைய எழுதித் தபாலட்டையைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். பாட்டுக்கு முன் அறிவிப்பாளர் ‘விரும்பிக் கேட்பவர்கள்’ என்று தொடங்கி, அத்தனை பெயரையும் வாசிப்பார். இறக்குவானை, எட்டியாந்தோட்டை என்று ஊர்ப்பெயர் வந்தால் இஸ்தோப்பில் இருப்பவர்களுக்கெல்லாம் பெருமை.