புத்தாண்டு 45292 ஆன கதை

ஒரு மளிகைக் கடையின் சரக்குப் பட்டியல் எக்செல் கோப்பாக ஒன்டிரைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எழுதுபவர் அதைத் தினமும் திருத்துகிறார். கடையின் இணையதளத்துக்கோ பொருளின் பெயர், விலை என இரண்டு நெடுவரிசைகள் போதும். கோப்பை இறக்கி, திறந்து, வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க, வேண்டியதை மட்டும் நிரல் இணையம் வழியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த ஏற்பாடுதான் ஏபிஐ. எக்செல் கோப்புகளுக்கு இதை மைக்ரோசாஃப்ட் கிராஃப் செய்து தருகிறது.

அதற்கு முன் ஒரு வேலை உண்டு. கோடு போட்டு, தலைப்புக்கு வண்ணம் பூசிவிட்டால் நம் கண்ணுக்கு அது அட்டவணைதான். எக்செல்லுக்கு அல்ல, 10,48,576 வரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் கொண்ட பரப்பில் அது வெறும் சில கட்டங்கள். அந்தப் பகுதியைத் தேர்ந்து, ‘டேபிள்’ என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ‘மூன்றாம் நெடுவரிசையைக் கொடு’ என்று கேட்டு வந்தால், யாராவது நடுவில் புதிதாக ஒன்றைச் செருகிய அன்று விலை இருந்த இடத்தில் எடை வந்து நிற்கும். பிழைச் செய்திகூட வராது. அறிவித்துவிட்டால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயரோடு ஓர் அடையாள எண்ணும் கிடைக்கிறது. தலைப்பை ‘விலை’யிலிருந்து ‘விற்பனை விலை’ என்று மாற்றினாலும் அந்த அடையாளம் மாறாது.

கேட்கும் முகவரி கோப்பில் தொடங்கி, அட்டவணையின் பெயர் வழியாக நெடுவரிசைகளில் முடியும். கூடவே அனுமதிச் சீட்டாக ஒரு டோக்கன். அது இல்லையென்றால் 401 என்ற எண்ணோடு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அடையாளம், பெயர், வரிசை எண், மதிப்புகள் ஆகியவை வரும். வரிசை எண் 0இல் தொடங்கும். மதிப்புகள் இப்படி இருக்கும்:

[["விலை"], [40], [1250]]

முதலில் நிற்பது தலைப்பு. அதைக் கழிக்காமல் கூட்டப் போனால் கணக்கு உதைக்கும். திரையில் ₹1,250.00 என்று தெரிந்தது இங்கே வெறும் 1250. ரூபாய்க் குறியும் காற்புள்ளியும் கண்ணுக்காகப் போட்ட அலங்காரம். மதிப்போடு அவை வருவதில்லை.

தேதிதான் பெரிய வேடிக்கை. 2024 ஜனவரி 1 என்று தெரியும் கட்டம் 45292 என்று வரும். 1900 ஜனவரி 1ஐ 1 என்று கொண்டு எண்ணிய நாள்கணக்கு இது. ஆனால் நேர்மையாக எண்ணும் நிரல் ஜனவரி 2இல் போய் நிற்கும். 1900 லீப் ஆண்டு அல்ல. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாக எண்ணியது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல்லும் இல்லாத பிப்ரவரி 29ஐத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. அந்தத் தவறு இன்றைய இணைய விடைகளிலும் உட்கார்ந்திருக்கிறது. 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளுக்கு, 1899 டிசம்பர் 30ஐ 0 என்று கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

கூகுள் ஷீட்ஸின் ஏபிஐ இதில் நேரெதிர்: வேறு மாதிரி கேட்காவிட்டால் திரையில் தெரிவதையே எழுத்தாக அனுப்பும். ஆனால் கடைசியில் உள்ள வெற்றுக் கட்டங்களை விட்டுவிடும். பெயர் நெடுவரிசையில் பத்து, விலையில் எட்டு என்று வந்தால் பதற வேண்டாம். கடைசி இரண்டு பொருள்களுக்கு விலை இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டிலுமே அடிக்கடி கேட்டு நச்சரித்தால் 429 என்ற பதில் வரும். கடைக்கு வருகிறவர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கேட்காமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்வது நல்லது.