கையில் இருந்தது என்ன?

1999ம் ஆண்டு பிப்ரவரி 4ம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், தான் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். பெயர் அமடு டியாலோ, வயது 23. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டைச் சேர்ந்த குடும்பம். பகலில் மன்ஹாட்டன் நடைபாதையில் காலுறைகளும் கையுறைகளும் விற்றுப் பிழைத்து வந்தார்.

சாதாரண உடையில் வந்த நான்கு காவலர்கள், தாங்கள் தேடிவந்த பாலியல் குற்றவாளி இவராக இருக்குமோ என்று எண்ணி நெருங்கினார்கள். டியாலோ பைக்குள் கையை விட்டு எதையோ வெளியே எடுத்தார். "துப்பாக்கி!" என்று ஒரு காவலர் கத்தினார். சில நொடிகளுக்குள் 41 முறை சுட்டார்கள். 19 குண்டுகள் அந்த இளைஞரின் உடலில் பாய்ந்தன. அவர் கையில் எடுத்தது அவருடைய பர்ஸ்.

அதே ஆண்டு செப்டம்பர் 22ம் தேதி, இலண்டன் மாநகரின் ஹாக்னி பகுதி. ஹாரி ஸ்டான்லி, 46 வயது, வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றுத் தேறிவந்தவர். சகோதரர் பழுதுபார்த்துக் கொடுத்த மேசைக்கால் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வழியில் மதுக்கடை ஒன்றில் சற்று நேரம் இருந்தார். அங்கிருந்த வேறொருவர் காவல்துறைக்குத் தொலைபேசியில் தகவல் கொடுத்தார்: "ஓர் ஐரிஷ்காரர் பையில் துப்பாக்கி வைத்திருக்கிறார்." ஸ்டான்லியோ ஸ்காட்லாந்துக்காரர். வீட்டை ஏறக்குறைய நெருங்கிவிட்ட நிலையில், பின்னாலிருந்து குரல் கேட்டுத் திரும்பிய அவரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

அன்பு வாசகர்களே, பர்ஸ் எப்படித் துப்பாக்கியாகத் தெரிகிறது? மேசைக்கால் எப்படி ஆயுதமாகிறது? சுட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது உண்மையை விளக்காது.

நாம் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. எதை எதிர்பார்த்து நிற்கிறோமோ, அதையே பல நேரங்களில் காண்கிறோம். கீத் பெயின் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001ம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். கணினித் திரையில் ஒரு கறுப்பினத்தவரின் முகமோ வெள்ளையரின் முகமோ கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும். அடுத்து ஒரு துப்பாக்கியின் படமோ, குறடு போன்ற ஒரு கருவியின் படமோ வரும். அது என்ன என்று பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். அரை நொடிக்குள் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தியபோது, கறுப்பின முகத்தைப் பார்த்தபின் வந்த கருவியைத் 'துப்பாக்கி' என்று தவறாகச் சொன்னது அதிகமாயிற்று. அவசரம் இல்லாதபோது தவறுகள் மிகக் குறைந்தன. முன்முடிவும் அவசரமும் சேரும்போதுதான் ஆபத்து பிறக்கிறது.

மூன்றாவது காரணம், தகவல் கைமாறும் விதம். 2014ம் ஆண்டு நவம்பர் 22ம் தேதி, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரப் பூங்காவில் டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிக் கொண்டிருந்தான். அது பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. அவசர எண்ணுக்கு அழைத்தவர், "அது அநேகமாகப் போலியாக இருக்கலாம், அவன் சிறுவனாக இருக்கலாம்" என்ற பொருளில் சொல்லியிருந்தார். அந்த வார்த்தைகள் காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களுடைய வாகனம் சிறுவனின் அருகிலேயே வந்து நின்றது. நின்ற 2 நொடிகளுக்குள் குண்டு பாய்ந்தது. மறுநாள் சிறுவன் இறந்தான்.

இவ்வழக்குகளின் முடிவு என்ன? டியாலோவைச் சுட்ட நால்வரும் 2000ம் ஆண்டில் விடுதலை செய்யப்பட்டார்கள். ஸ்டான்லி வழக்கில், 'சட்டவிரோதமான கொலை' என்று 2004ம் ஆண்டு மரண விசாரணை நடுவர்கள் அளித்த தீர்ப்பை, அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் நீக்கியது. டமீரைச் சுட்டவர்மீது குற்றவழக்கே தொடரப்படவில்லை. குடும்பத்துக்கு 60 இலட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989ம் ஆண்டில் வகுத்த விதிப்படி, காவலரின் செயலை, அந்த நொடியில் அந்த இடத்தில் நின்ற நியாயமான ஒரு காவலரின் பார்வையில்தான் எடைபோட வேண்டும். எனவே 'அஞ்சினேன்' என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் பெரும் எடை உண்டு. ஆனாலும் அது எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2020ம் ஆண்டு டிசம்பரில் கொலம்பஸ் நகரில், கையில் கைபேசியோடு வெளியே வந்த ஆண்ட்ரே ஹில் என்பவரைச் சுட்ட காவலர், கொலைக் குற்றவாளி என 2024ம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்டது.

காவலர் பணி ஆபத்தானது என்பதை நாம் மறுக்கவில்லை. உண்மையான துப்பாக்கியைச் சந்திக்கும் காவலர்களும் உண்டு. அவர்களும் மாலையில் வீடு திரும்பவேண்டியவர்களே. அதனால்தான் புதிய பயிற்சிகள், "வேகமாகச் சுடு" என்பதற்குப் பதிலாக, "தள்ளி நில், மறைவில் நில், பேசு, நேரத்தை உண்டாக்கு" என்று கற்பிக்கின்றன. லூயிவில் நகரக் காவல்துறையில் இத்தகைய பயிற்சிக்குப்பின், பலத்தைப் பயன்படுத்திய நிகழ்வுகள் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தன என்று 2020ம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. காயமடைந்த காவலர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆக, பொறுமை இருதரப்பு உயிர்களையும் காக்கிறது.

இறுதியாக ஒன்று. ஹாரி ஸ்டான்லியின் மரணம் காவலரின் விரலில் தொடங்கவில்லை. ஒரு பேச்சின் சாயலைக் கேட்டு, ஒரு பையின் வடிவத்தைப் பார்த்து, தானாக முடிவுகட்டிய ஒரு சாதாரண மனிதரின் தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அவரும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. நம் தெருவில் அறிமுகமில்லாத ஒருவர் ஒரு பையோடு நடந்துபோகும்போது, நம் மனம் முதலில் சொல்வது என்ன? அதைச் சொல்வது நம் கண்ணா, நம் அச்சமா? பிறரைப் பற்றி வாய் திறக்குமுன் இக்கேள்வியை நமக்கு நாமே கேட்டுப் பார்ப்போம்.