தலைமாட்டில் தூங்கும் நெருப்பு!

போன மாதம் ஓர் அம்மா தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையனின் வலது கையில் தீக்காயம். அதன்மேல் பற்பசை வேறு! தலையணைக்கு அடியில் செல்போனை வைத்து, சார்ஜ் போட்டபடியே தூங்கியிருக்கிறான். நல்லவேளை, காயம் மேலோடு போயிற்று.

"பேட்டரிகூட தீப்பிடிக்குமா டாக்டர்? அப்போ இதை வீட்டுல வெச்சுக்கவே கூடாதா?" என்றார் கலக்கத்தோடு.

உங்களுக்கும் இந்த பயம் இருக்கும். சித்த வைத்தியனுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது! சேராங்கொட்டையின் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அதையே முறைப்படி சுத்தி செய்தால் மருந்து. லித்தியத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

பேட்டரிக்குள் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டு முனைகள். நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. சுற்றிலும் சுலபமாகத் தீப்பற்றும் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் நெகட்டிவ் பக்கம் போகும். செலவாகும்போது திரும்பி வரும்.

1970-களில் அமெரிக்காவில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த பேட்டரியில் நெகட்டிவ் முனை வெறும் லித்திய உலோகம். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றியதில் அதன்மேல் ஊசி ஊசியாக முளைத்தது. ஊசி தடுப்பைத் துளைத்து மறுமுனையைத் தொட்டால்... நெருப்புதான்!

இதற்கு 1985-ல் வழி கண்டவர் ஜப்பானின் அகிரா யோஷினோ. உலோகத்தை எடுத்துவிட்டு, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் கரியை வைத்தார். லித்தியம் அதற்குள் சமர்த்தாகப் புகுந்து உட்கார்ந்தது. பாசிட்டிவ் முனைக்கு, 1980-ல் ஜான் குடினஃப் கண்டுபிடித்துத் தந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. பேட்டரிமேல் இரும்புக் கட்டியைப் போட்டுப் பார்த்தார் யோஷினோ. தீப்பிடிக்கவில்லை! 1991-ல் இந்த வகை பேட்டரி விற்பனைக்கு வந்தது. மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு.

ஆனாலும் இது பாதி வைத்தியம்தான். கோபால்ட் ஆக்சைடு மிதமிஞ்சிச் சூடானால் ஆக்சிஜனைக் கக்கும். நெருப்புக்கு அதுதானே தீனி! 1997-ல் குடினஃப் குழுவினர் இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டு வந்தார்கள். இதில் பாஸ்பரஸ், ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. 1980-களிலேயே குடினஃப்புடன் சேர்ந்து இந்த வழிக்கு அடி போட்டவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குடினஃப் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவரும் அவரே!

இரும்பு பாஸ்பேட்டில் ஒரு குறை: அதே எடைக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரம்தான் கொள்ளும். பரவாயில்லை. மின்சார ஸ்கூட்டர் வாங்கும்போது, "எல்.எஃப்.பி. பேட்டரியா?" என்று கேளுங்கள்.

எந்த பேட்டரியும் பயமே இல்லாதது அல்ல. ஆகவே:

* படுக்கையில், தலையணை அடியில் சார்ஜ் போடாதீர்கள்.
* உப்பிய பேட்டரியை அன்றே மாற்றுங்கள்.
* ஸ்கூட்டர் பேட்டரியை வாசலை அடைத்தாற்போல் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டுமே!
* சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இங்க், பற்பசை வேண்டாம். காயம் பெரிதென்றால் உடனே ஆஸ்பத்திரி. எங்கள் தைலமெல்லாம் அப்புறம்தான்!

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "பேட்டரி வீட்டுல இருக்கட்டும்மா. தலைமாட்டுல மட்டும் வேண்டாம்."