கார், சார்ஜ், கார்க்: ஒரு வண்டியின் வம்சம்

‘கார்க்’ என்பது இன்று வழக்கொழிந்துவிட்ட ஓர் ஆங்கிலச் சொல். மனத்தை அழுத்தும் கவலை என்பது அதன் பொருள். பாட்டிலை மூடும் தக்கைக்கான ‘கார்க்’ வேறு சொல், எழுத்தும் வேறு.

கவலைக்கான கார்க் வண்டியிலிருந்து வந்தது. பண்டைய ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் கெல்டிக் மொழி பேசியவர்கள் பாரவண்டிக்கு வைத்திருந்த பெயரை ரோமானியர் ‘கர்ருஸ்’ என்று லத்தீனில் சேர்த்துக்கொண்டனர். பிற்கால லத்தீனில் அதிலிருந்து ‘கர்ரிகாரே’ என்ற வினை பிறந்தது. வண்டியில் பாரம் ஏற்றுவது என்று அர்த்தம். பிரெஞ்சில் இதன் முதலெழுத்து ‘ச’ ஒலியாகத் திரிந்தது. வடக்கே நார்மானியர் பேச்சில் மட்டும் ‘க’ ஒலியே நிலைத்தது. 1066இல் அவர்கள் இங்கிலாந்தை வென்றபின் ‘க’ வடிவம் அங்கே கார்க் ஆனது. ‘ச’ வடிவமும் போய்ச் சேர்ந்து ‘சார்ஜ்’ ஆனது. வண்டிச் சுமையைக் குறித்த கார்க் 14ஆம் நூற்றாண்டுக்குள் மனச்சுமையையும் குறித்தது. நாம் ‘மனபாரம்’ என்கிறோமே, அதே போக்கு.

இந்த வம்சத்துச் சொற்கள் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் நாள்தோறும் புழங்குகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. ‘கார்’ நேரே கர்ருஸின் வாரிசு. அந்தக் கார்களே டிரெய்லரில் ஏறித் துறைமுகம் போனால் ‘கார்கோ’. இது ஸ்பானிய மொழி வழியாக வந்த கிளை. மின்சாரக் காருக்கும் செல்போனுக்கும் ஏற்றும் சார்ஜ், ஆட்டோக்காரர் கேட்கும் சார்ஜ் இரண்டும் பழைய பாரம் ஏற்றும் வினையே. மின்சாரத்தை ஏற்றுவது ஒன்று, செலவைத் தலையில் ஏற்றுவது இன்னொன்று.

ஒலி ஒத்திருப்பதால் ‘கேர்’ என்ற சொல்லையும் இதே குடும்பம் என்று நினைத்துவிடக்கூடாது. அது துயரத்தைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல். இன்று கவலைக்கு வழங்கும் ‘வொரி’யும் ஜெர்மானிய வழி வந்ததே, கழுத்தை நெரிப்பது என்பதே அதன் ஆதிப் பொருள். மனக்கவலை என்ற பொருள் அதற்கு 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

தனிச் சொல்லாகக் கார்க் மறைந்துவிட்டாலும், ‘கார்க்கிங்’ என்ற அடைமொழி மட்டும் ‘கேர்’ என்ற சொல்லுக்கு முன்னால், பழைய நடையில் எழுதுவோரிடம் எப்போதாவது தென்படுகிறது.