சுவருக்கு வெள்ளை, கைக்கு வேலை

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. அன்று பிள்ளைகளை 'அப்பால் போ' என்று விரட்டுவதும் பழைய வழக்கமே. இரண்டாவதை நாம் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுடும்போது அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறுகிறது. எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அது நீரில் பட்டதும் கொதித்துப் பொங்கி, நீற்றிய சுண்ணாம்பாகிறது. அதைச் சுவரில் பூசினாலோ, காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறுகச் சிறுக ஏற்று, கிளிஞ்சலில் இருந்த அதே பொருளாக மீண்டும் இறுகிவிடுகிறது. பள்ளிச் சோதனைச்சாலையில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் ஊதினால் அது பால்போல் வெளுக்கிறதே, அதுவும் இதே மாற்றந்தான். சுவரளவு பெரிய சோதனை வீட்டிலேயே நடக்க, அதனைப் புத்தகத்தில் மட்டும் மனப்பாடம் செய்வானேன்? 1937-ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழில் வழியே கல்வி என்று வற்புறுத்தியதும் ஏறத்தாழ இதனைத்தான்.

ஆனால் எல்லா வேலையும் எல்லோருக்கும் ஆகாது. சுண்ணாம்பை நீற்றுவது பெரியவர்கள் பொறுப்பு. தண்ணீரை முதலில் ஊற்றிக்கொண்டு, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அதில் இட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஓரிரவு ஆறிய பின் துணியில் வடிகட்டுதல், சிறிது நீலம் கலத்தல், சுவரைத் துடைத்து நனைத்தல், கைக்கெட்டும் உயரம் வரை மட்டையால் பூசுதல் ஆகியவற்றைப் பெரியவர் அருகிருக்கப் பத்து வயதுச் சிறுமியும் செய்யலாம். அப்போதும் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். சிறுமி என்று நான் சொன்னது வேண்டுமென்றேதான். பெண்ணுக்குத் துடைப்பம், பிள்ளைக்குச் சுத்தியல் என்று யாரோ பங்கிட்டு வைத்திருக்கிறார்கள்!

முதற்பூச்சு ஈரமாயிருக்கையில் சுவர் வெளுத்ததாகவே தோன்றாது. பிள்ளைகள் பொறுமையிழந்து குழம்பைக் கெட்டியாக்கப் பார்ப்பார்கள். கெட்டிப்பூச்சு உலர்ந்ததும் செதிள் செதிளாக உதிரும். மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு, மறுபடி பூசுவதே முறை. பிள்ளை பூசியது கோணலாயிருந்தால், அது உறங்கிய பின் தகப்பனார் திருத்தியடிப்பதைச் சில வீடுகளில் கண்டிருக்கிறேன். காலையில் பிள்ளை அதைக் கண்டுகொள்ளும். மறு ஆண்டு மட்டையைத் தொடாது. கோணல் அப்படியே இருக்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எண்ணெய் வண்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அத்தகைய வீட்டார் கொல்லைப்புறச் சுவரில் தொடங்கலாம்.