வெளியில் எரியும் துணை அடுப்பு

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பொங்கல் திருநாள் நெருங்கும்போது தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. பானையை எங்கே ஏற்றுவது என்பதே அது. சொந்த ஊரில் வாசல் இருந்தது. வாசலில் மூன்று கற்களை வைத்தால் அடுப்பும் ஆயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் என்பது பிறரும் நடந்து செல்லும் வழி. ஆகவே மொட்டைமாடியை நாடுகிறோம். அவ்வாறு நாடும்போதுதான், சமையலறைக்கு வெளியே எரியக்கூடிய துணை அடுப்பு ஒன்று வீட்டில் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. பண்டிகைக்கு மட்டுமன்று, சிலிண்டர் தீர்ந்த நாளிலும், குடும்பத்துடன் வெளியூர் சென்று மரத்தடியில் சமைக்கும் நாளிலும் அதன் தேவை புலப்படுகிறது.

நான் வாழ்வது பெங்களூர் பிரேசர் டவுனில். 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான தெருக்களும் காற்றோட்டமற்ற வீடுகளும் நோய்க்கு இடமளித்தன என்று கருதி, அகன்ற சாலைகளும் இடைவெளி விட்ட மனைகளும் கொண்ட புதிய குடியிருப்புகளை அக்கால ஆட்சியினர் வகுத்தனர். அவ்வாறு தோன்றிய இப்பகுதிக்கு, மைசூரில் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இடப்பட்டது. பின்னாளில் புலகேசி நகர் எனப் பெயர் மாறியும், பழைய பெயரே மக்கள் நாவில் நிலைத்திருக்கிறது. காற்றோட்டத்திற்கென்றே வகுக்கப்பட்ட இவ்வூரில் இன்று தனி வீடுகள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன; மிஞ்சிய திறந்தவெளி பெரும்பாலும் மாடியில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலன்று விடியற்காலையில் எங்கள் மாடிக்குச் சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றைக் கொண்டு சென்றேன். கீழைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரமாகியும் பானை பொங்கவில்லை. அடுத்த வீட்டில் வாழும் வேலூர்ப் பக்கத்து மூதாட்டியார் வந்து பார்த்தார். “தம்பி, காத்து மூஞ்சியில அடுப்ப வெச்சா எப்படிப்பா பொங்கும்?” என்று கேட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரின் மறைவுக்கு அடுப்பை நகர்த்தச் செய்து, காற்று வரும் பக்கத்தில் செங்கற்களை அடுக்கினார். பத்து நிமிடங்களில் பால் பொங்கியது. பட்டப்படிப்புப் படித்த எனக்குத் தெரியாமற்போன பௌதிகம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன் விளக்கம் எளியது. தீ எரியக் காற்று வேண்டும். ஆனால் வீசும் காற்று தீயின் வெப்பத்தைப் பானையின் அடியிலிருந்து அடித்துச் சென்றுவிடுகிறது. ஆகவே வெளிச் சமையலில் முதல் தேவை தடுப்பு. எனினும், எரிவாயு உருளையையும் பர்னரையும் ஒருசேரத் தகட்டால் சுற்றிலும் மூடிவிடலாகாது. உருளை சூடேறினால் உள்ளே அழுத்தம் பெருகும், அது பேராபத்து. காற்று வரும் திசையில் மட்டும் தடுப்பு அமைத்து, மறுபுறத்தைத் திறந்து வைப்பதே முறை.

இனி எரிபொருள்களைப் பார்ப்போம். ஒரு கிலோ காய்ந்த விறகு ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோகலோரி வெப்பம் தரும், மரக்கரி 7,000, எரிசாராயம் 6,400, மண்ணெண்ணெய் 10,000க்குச் சற்று மேல், சமையல் எரிவாயு ஏறத்தாழ 11,000. ஆனால் அந்த வெப்பத்தில் எவ்வளவு பானைக்குள் செல்கிறது என்பதே கேள்வி. பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கு நீர் ஏறத்தாழ 97 டிகிரி செல்சியசில் கொதித்துவிடும். ஐந்து லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 360 கிலோகலோரி போதும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்குதான் பானையைச் சேரும் என்று கொண்டால், அதற்கு முக்கால் கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். நல்ல எரிவாயு அடுப்பில், காற்று படாத இடத்தில், 55 அல்லது 60 கிராம் எரிவாயுவே அவ்வேலையைச் செய்துவிடும்.

விறகையே விரும்புவோர் அடுப்பின் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமுல்ய குமார் ரெட்டி அவர்களின் முயற்சியால் ‘அஸ்த்ரா’ என்னும் பிரிவு தொடங்கப்பட்டது. கிராம மக்களுக்கு உதவும் தொழில்நுட்பத்தை ஆராய்ந்த அப்பிரிவு, மூன்று பாத்திரங்களை ஏற்றக்கூடியதும் புகைபோக்கி உடையதுமான விறகடுப்பு ஒன்றை உருவாக்கியது. விறகைக் குறைத்துப் புகையை வெளியேற்றுவதே அதன் நோக்கம். மாடியில் தற்காலிகமாக அமைப்பதாயின், செங்கற்களை அடுக்கிக் கீழே கிடையாக ஒரு வாயும் அதனோடு சேர்ந்து மேலெழும் ஒரு குழலும் அமைத்தால் போதும். குழல் காற்றை இழுத்துக்கொள்வதால் சுள்ளிகள் குறைந்த புகையுடன் எரியும். தளம் வெடிக்காமலிருக்க அடியில் மணலைப் பரப்புக.

மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்பை நம் தாய்மார் நன்கறிவர். 1892இல் சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் வகுத்த ‘பிரைமஸ்’ அடுப்பின் வழிவந்தது அது. 1953இல் எவரெஸ்டு ஏறிய குழுவினரும் அவ்வகை அடுப்பையே கொண்டு சென்றனர். இன்று மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2014இல் டெல்லி மண்ணெண்ணெயற்ற நகரமாக அறிவிக்கப்பட்டது. அது கிடைக்கவில்லை என்று அவ்வடுப்பில் பெட்ரோலை ஊற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். எரிசாராய அடுப்பு இலேசானது, பயணத்திற்கு ஏற்றது. ஆயினும் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஊற்றியவர்கள் தீப்புண் அடைவதுண்டு. அடுப்பு முற்றும் ஆறிய பின்னரே மீண்டும் நிரப்ப வேண்டும்.

பிற மாநிலத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு நற்செய்தி. 2013இல் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டத்தின்படி, ஐந்து கிலோ எரிவாயு உருளை தேர்ந்தெடுத்த பெட்ரோல் நிலையங்களிலும் விற்கப்படலாயிற்று. முகவரிச் சான்று வேண்டுவதில்லை. அடையாளச் சான்று போதும். இந்தியன் ஆயில் நிறுவனம் தன் சிற்றுருளைக்கு 2020இல் ‘சோட்டு’ எனப் பெயரிட்டது. இதனை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையிலும் பள்ளத்திலும் தேங்கும். பற்றவைக்குமுன் ரெகுலேட்டரையும் ரப்பர்க் குழாயையும் சோப்பு நீர் தடவிச் சோதியுங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு.

கரியடுப்பைப் பற்றிச் சிறிது அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மரக்கரித் தணலில் புகை மிகக் குறைவு. ஆகவே அது தீங்கற்றது என்று பலர் நம்புகின்றனர். ஒரு டிசம்பர் மாதத்துக் குளிரிரவில், எங்கள் தெருவில் காவல் வேலை பார்த்த இரு இளைஞர்கள், வெளியே சமைத்து முடித்த கரியடுப்பை அறைக்குள் எடுத்துச் சென்று கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினர். நள்ளிரவில் ஒருவர் கடுந்தலைவலியுடன் விழித்து, தவழ்ந்து சென்று கதவைத் திறந்தமையால் இருவரும் பிழைத்தனர். அணையும் தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அதனைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியன அதன் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவரை நாட வேண்டும். உறக்கத்தில் இருப்பவர் இவ்வறிகுறிகளை உணராமலேயே இறந்துபோகக்கூடும்.

வட மாநிலங்களில் கடுங்குளிரில் வாழும் நம்மவர் இதனைச் சிறப்பாக மனத்திற்கொள்ள வேண்டும். மழை வந்தாலும், குளிர் வாட்டினாலும், தணலுள்ள அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்திற்குள்ளோ கொண்டுவருதல் கூடாது. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்திருக்கிறோம் என்பதும் போதிய காவலாகாது. தணலை நீர் தெளித்து முற்றும் அணைத்து, வெளியிலேயே விட்டுவிட்டு வருக.

சுருங்கச் சொன்னால், அவசரத்துக்கும் பயணத்துக்கும் சிற்றுருளை எரிவாயு, பண்டிகைக்குச் செங்கல் விறகடுப்பு என இரண்டு இருந்தால் ஒரு குடும்பத்திற்குப் போதும். விறகைப் பற்றவைக்குமுன் வீட்டு உரிமையாளரிடமும், புகை செல்லும் திசையில் வாழ்பவரிடமும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். எங்கள் மாடியில் இப்போது ஆண்டுதோறும் அந்த மூதாட்டியாரே செங்கல் அடுக்குகிறார். கன்னடக் குடும்பத்தினர் எள்ளும் வெல்லமும் கொண்டுவருகின்றனர். நாங்கள் பொங்கல் வழங்குகிறோம். பொங்கல் முடிந்து அனைவரும் இறங்கிய பின், கடைசியாக இறங்குபவர் சாம்பலைக் கிளறி, தணல் இல்லை என்று கண்டு வருவது எங்கள் வழக்கமாகிவிட்டது. நேயர்களும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வார்களாக.