ஓசி டூரும் நாப்பது பேரும் ரெண்டு வழிகாட்டிகளும்

பத்து நாள் இஸ்ரேல் டூர். ஏர் டிக்கெட், ஹோட்டல், பஸ், முக்கால்வாசி சாப்பாடு எல்லாமே ஓசி. அப்பா அம்மாவுல ஒருத்தராவது யூதரா இருக்கணும், பதினெட்டு தாண்டின இளவட்டமா இருக்கணும். அவ்ளோதான். அமெரிக்காவுல படிக்கிறவங்களுக்கு இந்த 'பர்த்ரைட் இஸ்ரேல்' பேரு பழக்கமா இருக்கும். பரிட்சை முடிஞ்சதும் கேம்பஸ்ல பாதி பேர் காணாமப் போயி, திரும்பி வரும்போது கருத்துப் போயி வருவாங்களே, அதுதான் :-)

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் முன்கதை. 1990-ல அமெரிக்க யூதர்கள் பத்தி ஒரு பெரிய சர்வே வந்துச்சு. அந்த சமீப வருஷங்கள்ல கல்யாணம் பண்ணினவங்கள்ல 52 சதவீதம் பேர் வெளியில கட்டியிருக்காங்கன்னு அது சொல்ல, சமூகமே ஆடிப்போச்சு. (அந்த எண் அதிகம்னு பின்னால சொன்னாங்க. ஆனா பயம் பயம்தானே.) சார்ல்ஸ் பிரான்ஃப்மேன், மைக்கேல் ஸ்டைன்ஹார்ட்னு ரெண்டு பெரும் பணக்காரங்க முன்னாடி வர, இஸ்ரேல் அரசும் பங்கு போட, 1999 கடைசியில முதல் விமானம் கிளம்பிச்சு. இதுவரைக்கும் எட்டு லட்சம் பேருக்கு மேல போயிட்டு வந்துட்டாங்க.

இந்தப் பதிவு டூரைப் பத்தி இல்லை. கூடப் போற வழிகாட்டிகளுக்குக் குடுக்கற பயிற்சியைப் பத்தி. நம்ம தமிழ்நாடு அரசும் 2023-லேர்ந்து 'வேர்களைத் தேடி'ன்னு அயலகத் தமிழ்ப் பசங்களைக் கூட்டிட்டுப் போகுது இல்லையா, அதனால இந்த விஷயம் காதுல விழுந்ததும் நிமிர்ந்து உக்காந்தேன். சொன்னவ எங்க டிபார்ட்மெண்ட் தோழி. ரெண்டு தடவை வழிகாட்டியா போயிட்டு வந்தவ.

ஒரு பஸ்ஸுல சுமார் நாப்பது பேர். வரலாறு சொல்ல லைசென்ஸ் வச்சிருக்கற இஸ்ரேலி கைடு ஒருத்தர். துப்பாக்கியோட ஒரு காவலர். சில நாளைக்குக் கூடவே வர்ற அதே வயசு இஸ்ரேலிகள் சில பேர், அவங்கள்ல பல பேர் ராணுவத்துல இருக்கறவங்க. இவங்களைத் தவிர அமெரிக்காவுலேர்ந்தே கூட்டத்தோட வர்ற ரெண்டு பேர். இந்த ரெண்டு பேருக்கு ஹீப்ருவுல 'மத்ரிக்', பெண்ணா இருந்தா 'மத்ரிகா'. 'தெரெக்'னா வழி, அதுலேர்ந்து வந்த சொல். அச்சு அசல் நம்ம 'வழிகாட்டி'யேதான். தமாஷ் என்னன்னா, வழி காட்டறது கைடோட வேலை. இவங்க வேலை வேற.

பயிற்சின்னதும் தேதி, ராஜா பேரு எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்வாங்கன்னு நெனச்சேன். அவ சிரிச்சா. பாதிப் பயிற்சி ஆயா வேலைக்குத்தானாம். பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நம்பரைச் சத்தமா சொல்லணும், ஒரு நம்பர் வரலைன்னா பஸ் நகராது. வெயில்ல யாரு தண்ணி குடிக்கலைன்னு பாக்கணும். அப்புறம் சரக்கு. அமெரிக்காவுல 21 வயசு ஆகாம தொட முடியாது, இஸ்ரேல்ல 18. பத்தொம்பது வயசுப் பையனுக்கு இறங்கின அன்னிக்கே வானம் திறந்த மாதிரி! இருபத்தஞ்சு வயசு மத்ரிக் அவனுக்கு அண்ணனா, வாத்தியாரா, போலீஸான்னு முடிவு பண்றதுதான் கஷ்டம்.

மீதிப் பாதிதான் எனக்குப் புடிச்சது. கேள்வி கேக்கப் பழக்கறது.

ஜெருசலேம்ல யாத் வாஷெம் நினைவகத்துல கொல்லப்பட்ட குழந்தைகளுக்குன்னு ஒரு மண்டபம் இருக்கு. உள்ள இருட்டு. சில மெழுகுவத்திகள் கண்ணாடிகள்ல பட்டு நட்சத்திரம் மாதிரி எண்ண முடியாம தெரியும். ஒரு குரல் பேரு, வயசு, நாடு மட்டும் வாசிச்சிட்டே இருக்கும். அதுலேர்ந்து நாப்பது பேர் வெளிய வர்றாங்க. மத்ரிக் என்ன பண்ணணும்? உடனே ஒண்ணும் பண்ணாதே, தண்ணி குடு, சும்மா பக்கத்துல நில்லு. ராத்திரி வட்டமா உக்காந்து பேசும்போதுதான் கேள்வி. "இதைப் பாத்து யூதனா இருக்கறதுக்குப் பெருமையா இருந்துச்சா"ன்னு கேட்டா பதிலை நாமே வாயில ஊட்டி விட்ட மாதிரி. "எது மனசுல நிக்குது"ன்னு கேக்கணும். கேட்டுட்டு வாயை மூடிக்கணும். பயிற்சியில பெரும்பாலானவங்க தோத்துப் போறது இங்கதானாம். பத்து விநாடி யாரும் பேசலைன்னா பொறுக்க முடியாம தாங்களே பதில் சொல்லிடுவாங்களாம்.

மேற்குச் சுவர்ல கை வச்சு எல்லாரும் அழறப்போ ஒண்ணுமே தோணாம நிக்கறவன் ஒருத்தன் இருப்பான். அப்பா மட்டும் யூதரா இருக்கற பொண்ணு ஒருத்தி இருப்பா. மரபுச் சட்டப்படி அம்மா வழிதான் கணக்கு. டூருக்கு வா வான்னு கூப்ட்டவங்க ஊர்லயே, அவ கல்யாணம் பண்ணிக்கணும்னா ராபி சபை அவளை யூதப் பெண்ணா ஏத்துக்காது. "நீ நிஜ யூதரே இல்ல"ன்னு பஸ்ஸுல ஒருத்தன் விளையாட்டா சொல்லிட்டா அவளுக்கு பத்து நாளும் போச்சு. இந்த ரெண்டு பேரையும் காப்பாத்தத் தெரிஞ்சவதான் நல்ல மத்ரிகான்னு தோழி சொல்றா. சரின்னுதான் எனக்கும் படுது.

ஆனா ஒரு இடத்துல இந்தப் பயிற்சி முட்டிக்கிட்டு நிக்குது. 2018 ஜூன்ல ஒரு குழுவுல அஞ்சு பெண்கள் பாதியில இறங்கி, ஆக்கிரமிப்பைப் பாக்கணும்னு ஹெப்ரான் போனாங்க. பெரிய ரகளை ஆச்சு. "பாலஸ்தீனியர்களை எப்ப பாப்போம்?"னு பஸ்ஸுல ஒருத்தர் கேட்டா, திறந்த மனசோட கேள்வி கேக்கப் பழகின மத்ரிக்கால கேள்வியை மதிக்க முடியும், வட்டத்துல பேச வைக்க முடியும். பஸ்ஸைத் திருப்ப முடியாது. எங்க போகணும், எங்க போகக்கூடாதுங்கறது பணம் போடறவங்களும் பாதுகாப்புக்காரங்களும் போட்ட திட்டம். கேள்விக்கு இடம் உண்டு, பாதைக்கு இல்லை. இதை வெறும் மூளைச்சலவைன்னு தள்ளவும் எனக்கு மனசு வரலை, கல்வின்னு முழுசா ஒத்துக்கவும் முடியலை.

2023 அக்டோபருக்கு அப்புறம் கொஞ்ச நாள் டூரே நின்னுச்சு. திரும்பத் தொடங்கி ஓடிட்டிருந்தப்ப 2025 ஜூன்ல ஈரானோட சண்டை. வான்வழியை மூடிட்டாங்க. அப்ப அங்க சிக்கினவங்க சுமார் 2,800 பேர். அதுல ஒரு 1,500 பேரை உல்லாசக் கப்பல்ல ஏத்தி சைப்ரஸுக்கு அனுப்பினாங்க. ராத்திரி சைரன் அடிச்சா நாப்பது பேரை எழுப்பி பதுங்கு அறைக்குக் கூட்டிட்டுப் போறது, அழற அம்மாக்களுக்கு போன்ல பதில் சொல்றது, இதெல்லாமும் வழிகாட்டிகள் தலையிலதான்.

இவ்வளவு சந்தேகம் இருக்கே, அப்புறம் ஏன் போறேன்னு தோழிகிட்ட கேட்டேன். "நான் போகலைன்னா, சந்தேகமே இல்லாத ஒருத்தர் போவாங்க"ன்னா. அடுத்த கோடைக்கும் விண்ணப்பம் போட்டிருக்கா.